படம் டீச்சர்

அந்தப் பைய மடியில வச்சுக்கம்மா, பஸ்ஸுல கீழ வைக்காத. எவனாவது மிதிச்சுட்டுப் போயிருவான். கேமராதான? பாத்தாலே தெரியுதே. எங்க நாத்தனா மகன் கல்யாணத்துக்கு வந்த பையன் இதே மாதிரி பைதான் வச்சிருந்தான். பொம்பளப் பிள்ளைகளும் போட்டோ எடுக்க வந்துட்டீக, சந்தோசம். எங்க, கல்யாணத்துக்கா? காதுகுத்தா? சரி சரி. நான் மாவட்டக் கல்வி ஆபீசுக்குப் போறேன். விசாரணைக்கு. பயந்துராத, நான் ஒண்ணும் கொலை பண்ணிட்டு வரல. ஒரே ஒரு போட்டோ. அதுக்குத்தான் இம்புட்டு விசாரணை. ஒம் பையப் பாத்ததும் அதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். நீ படம் எடுக்குற பிள்ள, ஒனக்குப் புரியும். எங்க ஹெச்.எம்முக்குப் புரியல, எங்க வீட்டுக்காரருக்கே புரியல.

எம் பேரு சண்முகக்கனி. ஆனா பள்ளிக்கூடத்துல வந்து சண்முகக்கனி டீச்சர் எங்கன்னு கேட்டா பாதிப் பிள்ளைக முழிக்கும். படம் டீச்சர்னு கேளு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுருங்க. சமூக அறிவியல் எடுக்குறேன். ஆறு, ஏழு, எட்டு. மத்த டீச்சருக புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, நீ வாசி, அடுத்து நீ வாசின்னு சொல்லிட்டுப் போனப் பாத்துக்கிட்டு இருப்பாக. நான் அப்படி இல்லம்மா. எரிமலைன்னா எரிமலையக் கண்ணுல காட்டணும். பனிக்கரடின்னா பனிக்கரடியக் காட்டணும். அந்தப் பிள்ளைக சந்தையைத் தாண்டி எங்க போயிருக்கு? அதுக்காக ராவும் பகலும் நெட்டுல தேடி, தரம் பிரிச்சு, ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சிருக்கேன். எரிமலை தனி, ஏரி தனி, ஏழ்மை தனி.

தேடுறதுன்னா சும்மா இல்ல. அதுக்கு ஒரு கை வேணும். தமிழ்ல அடிச்சா கண்டதும் வரும், சாமி படம் வரும், சினிமாக்காரி வருவா. இங்கிலீசுல அடிக்கணும். படம் பெருசா இருக்கணும், இல்லன்னா பிரிண்டு போட்டா மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியும். குறுக்க எவன் பேராவது எழுதியிருந்தா அத விட்டுரணும், ஓரத்துல எழுதியிருந்தா வெட்டிரணும். வேண்டாததெல்லாம் வெட்டி, பாடத்துக்கு வேண்டியது மட்டும் நிக்கிற மாதிரி பண்ணணும். இதெல்லாம் எவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான்? நானாக் கத்துக்கிட்டது. மாவட்டக் கண்காட்சியில எனக்குத்தான் மொதப் பரிசு. அன்னைக்கு இதே ஆபீசுல சால்வை போட்டாக. அதுக்கப்புறம் டீச்சருக குரூப்புல எல்லாரும், மேடம் அனுப்புங்க, மேடம் அனுப்புங்கன்னு கேட்டு, நானும் அள்ளி அள்ளிக் குடுத்தேன். இன்னைக்கு மாவட்டம் பூரா எம் படம்தான் ஓடுது. ஒருத்தி ஒரு நன்றி சொன்னாளா? இப்ப எனக்கு மெமோ வந்திருக்குன்னதும் ஒருத்தி போன் எடுக்கமாட்டேங்குறா.

சன்னல மூடாதம்மா, காத்து வரட்டும்.

இந்த ஆல்பம் சங்கதி ஒனக்குத் தெரியுமா? நீயும் படிக்கையில பண்ணியிருப்ப. படம் வாங்கி, வெட்டி, ஒட்டி, கீழ பேரு எழுதிட்டு வரணும். அதுக்கு மார்க் உண்டு. பிள்ளைக இஷ்டத்துக்கு விட்டா என்ன ஆகும்? புயல்னு சொன்னா பேப்பர்ல இருந்து மின்விசிறி விளம்பரத்தக் கிழிச்சு ஒட்டிட்டு வரும். நெசமாத்தான் சொல்றேன், ஒட்டிட்டு வந்துச்சு ஒண்ணு. அதனால நானே ஒரு ஏற்பாடு பண்ணினேன். பள்ளிக்கூட வாசலுக்கு எதுக்க செந்தட்டின்னு ஒரு பையன் பிரௌசிங் சென்டர் வச்சிருக்கான். அவன்கிட்ட எல்லாப் படத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டேன். பிள்ளை போயி, எட்டாங்கிளாஸ் பேரிடர்னு சொன்னாப் போதும், ஒரு செட்டு அடிச்சுக் குடுத்துருவான். எந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதணும்னு நான் போர்டுல எழுதிப் போட்டுருவேன். நாப்பது பிள்ளைக்கு நாப்பது ஆல்பம், எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி. அதிகாரிக வந்து புரட்டிப் பாத்துட்டு, டீச்சர், ஒரே சீரா இருக்குன்னு பாராட்டாமப் போனதில்ல.

அந்தப் பேரிடர் செட்டுல ஒரு படம். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். ஏழு வயசு இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டிருக்கு. ஒரு சடை அவுந்து தொங்குது. பின்னால வெடியாபீஸ் ஷெட்டு, கரிக்கட்டையா நிக்குது. இங்கிட்டு எல்லாம் பட்டாசுக் கம்பெனிய வெடியாபீஸ்னுதான் சொல்றது. அந்தப் பிள்ள அழுவுது பாரு, அப்படி ஒரு அழுகை. வாய் கோணல, கண்ண மூடல, நேரா நம்மளப் பாத்து அழுவுது. ஒரு போட்டோ எடுக்குறவனுக்கு அப்படி அமையணும்னா கொடுத்து வச்சிருக்கணும்ல? நீயே சொல்லு.

அஞ்சாறு வருசமா வச்சிருக்கேன் அத. நல்ல படம்னா எல்லாப் பாடத்துக்கும் ஒத்து வரும். ஆறாங்கிளாசுக்கு, வறுமையில் வாடும் சிறுமி. ஏழாங்கிளாசுக்கு, பள்ளி செல்ல இயலாத சிறுமி. அதுக்கு ஒரு பய எந்திரிச்சு, டீச்சர், அது யூனிபார்ம் போட்டிருக்குல்லன்னான். உக்காருடான்னேன். எட்டாங்கிளாசுக்கு, வெடி விபத்தில் அனாதையான சிறுமி. அந்தப் படத்த ஸ்கிரீன்ல போட்டா வகுப்பே கப்சிப்னு ஆயிரும். எம் மக மூஞ்சிகூட எனக்கு அப்படி மனசுல பதியல, அந்தப் பிள்ளை மூஞ்சி பதிஞ்சிருக்கு. என்ன, சிரிக்குற? சத்தியமா.

இப்ப முனீஸ்வரிக்கு வாரேன். அவதான் எல்லாத்துக்கும் காரணம். எட்டாங்கிளாஸ். மூணு வருசமா எங்கிட்டத்தான் படிக்கிறா, ஆனா இருக்கிற எடம் தெரியாது. ஓரத்துப் பெஞ்சு. பேரு கூட எனக்குச் சட்டுனு வராது, இந்தாம்மா நீ எந்திரின்னுதான் சொல்லுவேன். ஒரு நாளு ஆல்பத்த எல்லாம் வாங்கி மார்க் போட்டுக்கிட்டு வாரேன். எல்லாம் சீரா வருது. இவ ஆல்பத்தப் புரட்டுறேன், வெள்ளம் இருக்கு, புயல் இருக்கு, நிலநடுக்கம் இருக்கு. அடுத்த பக்கத்துல, வெடி விபத்தில் அனாதையான சிறுமின்னு முத்து முத்தா எழுதியிருக்கா. மேல ஸ்கேல் வச்சு கட்டம் போட்டிருக்கா. கட்டத்துக்குள்ள ஒண்ணுமில்ல.

"இங்க இருந்த படம் எங்கடி?"

நிக்குறா.

"தொலைச்சுட்டியா?"

இல்லன்னு தலைய ஆட்டுறா.

"செந்தட்டி குடுக்கலையா?"

"குடுத்தாக டீச்சர்."

"பெறகு என்ன, ஒட்டவேண்டியதுதான?"

மறுபடியும் நிக்குறா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லணும்ல? சொன்னாத்தான எனக்குத் தெரியும்? அப்பப் பக்கத்துல இருக்குற ஜோதிமீனா எந்திரிச்சு, "டீச்சர், அது முனீஸ்வரிதான் டீச்சர்"ங்குறா. எது முனீஸ்வரின்னு கேட்டேன். "படத்துல இருக்குறது டீச்சர். அவுக அம்மா வெடியாபீஸ்ல செத்துப் போனாகள்ல, அன்னைக்கு எடுத்தது"ன்னா. வகுப்பு பூரா எம் மூஞ்சியவே பாக்குது. இதுகளுக்கெல்லாம் தெரியும்போல, எனக்கு மட்டும்தான் தெரியல.

நான் சும்மா விட்டேன்னு நெனைக்காத. படத்த எடுத்து அவ மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். நாடியப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தேன். ஜாடை கொஞ்சம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா படத்துல இருக்குற பிள்ளை எப்படி அழுவுது! இவ மரம் மாதிரி நிக்குறா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான் எப்படி நம்புறது? அப்படியே இவளா இருந்தாத்தான் என்ன? நெட்டுல வந்துட்டா அது எல்லாருக்கும் பொதுதான? தாஜ்மகால் படத்த ஒட்டுனா அந்த ராசா வந்து கேக்குறானா? இதத்தான் அவகிட்டயும் சொன்னேன். "நல்லதுதானடி, ஒம் படம் பாடத்துல வருது, பெருமைப்படணும்"னேன். 

நீ என்ன, அந்தப் பக்கம் பாக்குற? கேளு.

மார்க் குறைச்சுட்டு அதோட விட்டிருக்கலாம். எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு. ஆனா என்னால பிள்ளைகள அப்படி விட முடியாது. எனக்கு மனசு கேக்காது. எங்கிட்ட இருந்த பிரிண்ட எடுத்து, எங் கையாலயே வெட்டி, கோந்தத் தடவி, இந்தா ஒட்டுன்னு குடுத்தேன். எந்த டீச்சர் செய்வா? வாங்கிட்டா. ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டே நின்னா. கோந்து காயப்போகுதுடின்னேன். ஒட்டினா. எப்படி ஒட்டினா தெரியுமா? மூஞ்சி உள்பக்கம் போகும்படி, அப்படியே கவுத்து வச்சு அமுக்கிட்டா. கோந்து தடவின முதுகு மேல தெரியுது, கட்டத்துக்குள்ள வெள்ளைத்தாளு பிசுபிசுன்னு நிக்குது. எனக்கு உச்சி மண்டையில சுருக்குன்னுச்சு. திமிர் இல்லையா அது? டீச்சர் குடுத்தத அந்த டீச்சர் கண்ணு முன்னாலயே கவுத்து ஒட்டுறதுன்னா?

நான் அடிக்கல. அத நல்லாக் கேட்டுக்க, நான் கை வைக்கல. மெமோவுல கூட அடிச்சதா எழுதல. அத எடுத்து எறிஞ்சுட்டு, வேற பிரிண்டு எடுத்து நானே நேரா ஒட்டிட்டேன். அவ விரலப் பிடிச்சு மேல வச்சு அமுக்க வச்சேன், நல்லா ஒட்டட்டும்னு. அம்புட்டுத்தான் நடந்துச்சு. இதுக்கு மெமோவுல என்ன எழுதியிருக்காக தெரியுமா? மாணவியை மன உளைச்சலுக்கு ஆளாக்கியது. எனக்கு உளைச்சல் இல்லையா?

ரெண்டு நாள் அவ பள்ளிக்கூடம் வரல. மூணாம் நாளு அவுக அப்பா வந்தாரு. சீனிச்சாமின்னு பேரு, லாரியில மூடை ஏத்துறவரு. சண்டைக்கு வருவாருன்னு நெனைச்சு நான் ஹெச்.எம் ரூம்ல போயி உக்காந்துக்கிட்டேன். சண்டை போடல. வாசல்ல செருப்பக் கழட்டிட்டு வந்து, போன எடுத்து ஒரு படத்தக் காட்டுறாரு. அதே படம். ஆனா பெருசா இருக்கு. எங்கிட்ட இருக்குறதுல இல்லாதது அதுல இருக்கு. அந்தப் பிள்ளை தோளுல ஒரு கை. ஆம்பளக் கை, சட்டைக் கை பாதி கிழிஞ்சு தொங்குது. கைக்காரன் மூஞ்சி படத்துல இல்ல.

"இது எங் கை டீச்சர்"ங்குறாரு. "நான் பக்கத்துலதான் நின்னேன். அவளத் தனியா விடல. எம் பிள்ளைய அனாதைன்னு நாப்பது வீட்டுல ஒட்டி வச்சிருக்கீக. அவ என்னயக் கேக்குறா, நீ இருக்கேல்ல, பெறகு ஏம்ப்பா டீச்சர் அப்படி எழுதச் சொன்னாகன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

அந்தக் கைய நான்தான் வெட்டினேன். ஆமா, வெட்டினேன். இல்லன்னு சொல்லமாட்டேன். அனாதைன்னு எழுதிட்டு தோளுல ஒரு கை இருந்தா படம் எப்படிப் பொருந்தும்? பிள்ளைக கேக்கும்ல, டீச்சர் இது யாரு கைன்னு? பாடத்துக்கு வேண்டியது மட்டும் நிக்கணும்னு மொதல்லயே சொன்னேன்ல. இதத் தன்மையா எடுத்துச் சொன்னேன் அவருகிட்ட. அவரு கேக்காத மாதிரி நின்னுட்டு, "நாப்பது ஆல்பத்துலயும் அத எடுத்துருங்க டீச்சர், வேற ஒண்ணும் வேணாம்"னாரு. அடுத்த வாரம் அதிகாரி ஆய்வுக்கு வாராரு. நாப்பது ஆல்பத்துலயும் நடுப்பக்கத்துல ஓட்டை விழுந்தா யாரு பதில் சொல்றது? ஆய்வு முடியட்டும், பெறகு பாப்போம்னேன். முடியாதுன்னு சொன்னேனா? பெறகு பாப்போம்னுதான் சொன்னேன். அவரு செருப்ப மாட்டிட்டுப் போயி, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனுக் குடுத்துட்டாரு.

பெறகென்ன, அங்கிட்டிருந்து போனு, இங்கிட்டிருந்து போனு. ஆய்வுக்கு வந்த அதிகாரியே நின்னு நாப்பது ஆல்பத்துலயும் அத உரிக்கச் சொல்லிட்டாரு. எல்லாம் கிழிஞ்சு கந்தலாப் போச்சு. செந்தட்டி பென் டிரைவையும் வாங்கிட்டாக. சரி, இங்க எடுத்தாச்சு. மாவட்டம் பூரா போனத என்ன பண்றது? போன வாரம் பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல சார்ட்டுல ஒட்டி வாசல்லயே மாட்டியிருக்காகளாம். முனீஸ்வரி அங்க மாரியம்மன் கோயிலுக்குப் போறப்போ பாத்துட்டு வந்திருக்கா. அதுக்கும் எம் மேலதான் பழி. நானா போயி மாட்டினேன்?

ஒனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வருசம் எனக்குத் தலைமை ஆசிரியரா புரோமோசன் வரணும். லிஸ்டுல எம் பேரு இருக்கு. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள அந்தச் சேர்ல ஒரு நாளாவது உக்காரணும்னுதான் இம்புட்டு வருசம் மாடா உழைச்சேன். இந்தக் குற்றச்சாட்டு நின்னுச்சுன்னா லிஸ்டுல இருந்து பேரத் தூக்கிருவாக. எனக்குப் பின்னால வந்தவளுக்கெல்லாம் நான் எந்திரிச்சு வணக்கம் சொல்லணும். நெனைச்சாலே வயிறு எரியுதும்மா எனக்கு.

எங்க ஹெச்.எம் அந்தோணிராஜ் சாருதான் ஒரு வழி சொன்னாரு. "டீச்சர், அவுக வீட்டுக்குப் போங்க. அந்தப் பிள்ளைகிட்ட மன்னிச்சுக்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சீனிச்சாமி மனுவ வாபஸ் வாங்குறேன்னு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது"ன்னாரு. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? இருந்தாலும் போனேன். ஞாயித்துக்கிழமை, வெயில்ல, பஸ்ஸுல எறங்கி நடந்து போனேன். ஒத்த ரூம்பு. நான் போனதும் ஸ்டூலத் தொடச்சுப் போட்டாக. குடிக்கக் கலர் சோடா வாங்கிக் குடுத்தாக. மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நானும் சொன்னேன், "நடந்தது நடந்துபோச்சு, நீயும் மனசுல வச்சுக்காத, நானும் வச்சுக்கல"ன்னேன். இத விட என்னம்மா சொல்லணும்?

சீனிச்சாமி மகளப் பாத்து, "என்னத்தா, டீச்சர் வீடு தேடி வந்துட்டாக, விட்டுருவோமா?"ன்னு கேட்டாரு. அவ தலைய ஆட்டுனா. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. பெறகு அவ எங்கிட்ட வந்து, "டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"ங்குறா. மூணு வருசத்துல அவளா வந்து எங்கிட்டப் பேசுனது அன்னைக்குத்தான். "நெட்டுல தேடத் தெரிஞ்சா எல்லாப் படமும் கெடைக்கும்னு வகுப்புல சொல்லுவீகளே. எங்கம்மா படம் கெடைக்குமா டீச்சர்?"

அவுக வீட்டுல அம்மா படம் ஒண்ணு கூட இல்லையாம். கோயில்ல வச்சுத் தாலி கட்டினது, போட்டோவெல்லாம் எடுக்கல. ஓட்டுப் போடுற கார்டுல இருக்குறது மசமசன்னு கறுப்பாத் தெரியுது. வெடியாபீஸ்ல ஒரு ஆயுத பூசைக்கு வேலை பாக்குறவுகள எல்லாம் நிக்க வச்சு யாரோ ஒரு படம் எடுத்தாகளாம், அத நெட்டுல போட்டிருந்தா அதுல அம்மா இருக்கும்ங்குறா. அவுக அம்மா பேரு குருவம்மா. மூஞ்சி மறந்துக்கிட்டே வருதாம் அவளுக்கு. மூக்குத்தி மட்டும் நெனப்பு இருக்காம், ரெண்டு பக்கமும் போட்டிருப்பாகளாம். எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, நானும் பிள்ளை பெத்தவதான. தேடித் தாரேண்டின்னு சொல்லிட்டு வந்தேன்.

தேடாம இல்லம்மா. தேடினேன். குருவம்மான்னு போட்டா யாரோ ஒரு பஞ்சாயத்துத் தலைவி வாரா, ஒரு சாமி வருது. அந்த வெடியாபீஸ் பேரப் போட்டா ஷெட்டு எரிஞ்ச படம்தான் வருது, மறுபடியும் அந்த அழுகுற படம்தான் மொதல்ல வந்து நிக்குது. ஆயுத பூசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெடியாபீஸ்ல மருந்து அள்ளுனவ படத்த எவன் நெட்டுல ஏத்தி வைப்பான்? விசாரணைத் தேதி வேற நெருங்குது. அன்னைக்கு வாபஸ் கடுதாசி கொண்டுபோகல, இனிதான் சீனிச்சாமிகிட்டக் கையெழுத்து வாங்கணும். வெறுங்கையோட எப்படிப் போறது?

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. சவுத் இந்தியன் வில்லேஜ் உமன் ஸ்மைலிங்னு அடிச்சேன். ஆயிரக்கணக்குல கொட்டுது. அதுல நல்லதா ஒண்ணு எடுத்தேன். முப்பது வயசு, தலை நெறைய மல்லிப்பூ, மொகம் நெறையச் சிரிப்பு. மாநிறம்தான், அவுகளுக்குப் பொருந்தும். ரெண்டு பக்க மூக்குத்தி கெடைக்கல, ஒரு பக்கம்தான் கெடைச்சுது. கையில குடம் இருந்துச்சு, அத வெட்டிட்டேன். ஓரத்துல பேரு எழுதியிருந்துச்சு, அதையும் வெட்டிட்டேன். பெருசாப் பிரிண்டு போட்டு, கண்ணாடி பிரேம் போட்டு, சின்னதா ஒரு சந்தன மாலையும் வாங்கிப் போட்டுக் கொண்டுபோனேன். இந்தா, பையிலதான் இருக்கு. விசாரணையில காட்டத்தான் எடுத்துட்டுப் போறேன். பாரு. எவ்வளவு லட்சணமா இருக்கு? நீ இந்தத் தொழில்ல இருக்குறவ, சொல்லு. நல்ல படமா இல்லையா?

அவுக அப்பா பாத்தாரு. வெளிய போயி நின்னுக்கிட்டாரு. கையெழுத்தும் போடல, போடமாட்டேன்னும் சொல்லல. நான் பேனாவ நீட்டிக்கிட்டே நிக்குறேன். முனீஸ்வரிதான் பிரேமக் கையில வாங்கிப் பாத்துக்கிட்டே இருந்தா.

"இது யாரு டீச்சர்?"

"ஒங்கம்மா படம் கெடைக்கலடி. இத அம்மான்னு நெனைச்சு வச்சுக்க. எல்லா அம்மாவும் ஒண்ணுதான"ன்னேன். தப்பா? பள்ளிக்கூடத்துல பேசுறாப்புலதான் பேசினேன். அவ கண்ணாடிய முந்தானையால, ஆமா தாவணி போட்டிருந்தா அன்னைக்கு, அதால தொடச்சா. தொடச்சுட்டு, ரொம்பப் பதவிசாக் கேக்குறா:

"இவுகளுக்குப் பிள்ளைக இருக்குமா டீச்சர்?"

"இருக்கும், ஏன்?"

"அதுககிட்டக் கேட்டீகளா?"

கேட்டுட்டு பிரேமத் திருப்பி எங் கையில குடுத்துட்டா. மாலை நலுங்காமக் குடுத்தா. பதிமூணு வயசுல இந்தப் பேச்சு. நாளைக்கு என்ன ஆகும் இது? நான் விறுவிறுன்னு வந்துட்டேன்.

நீயே சொல்லும்மா. ஒரு கல்யாணத்துல ஆயிரம் மூஞ்சிய எடுக்குற. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிட்டா எடுக்குற? ...கேப்பியா? பிள்ளைகள எடுத்தா அவுக அம்மாகிட்டக் கேப்பியா?

ம். நீயும் சின்னப் பிள்ளைதான, ஒனக்கு எங்க தெரியப்போகுது. காலக் கொஞ்சம் மடக்கிக்க, எறங்கணும். எங்க ஆபீசு வந்துருச்சு.